செத்த நிரல் விட்டுச்செல்லும் எண்

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ராஸ்பெர்ரி பை. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. மாட்டிவைத்த மூலையில் கிடந்து, தொட்டியின் நீர்மட்டத்தையோ அறையின் வெப்பத்தையோ நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து அனுப்புவதுதான் அதற்கு வேலை. அளக்கும் நிரலை யாராவது தொடங்கிவைக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் மறுபடி தொடங்க வேண்டும். நடுராத்திரியில் செத்து விழுந்தால் எழுப்ப வேண்டும். இதையெல்லாம் செய்வதும் ஒரு நிரல்தான். பின்னணியில் ஓடும் சர்வீஸ்களைத் தொடங்கி, கவனித்து, விழுந்தால் எழுப்பும் மேற்பார்வை நிரல். இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் அந்த வேலையில் இருப்பது சிஸ்டம்டி. லெனார்ட் பெட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் 2010இல் தொடங்கிய இது, 2015இல் டெபியன் 8 வழியாக ராஸ்பெர்ரி பைக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு சர்வீஸ் திரும்பத் திரும்பச் சாகிறது என்று தெரிந்ததும் பலரும் முதலில் செய்வது, ‘எப்போதும் ரீஸ்டார்ட் செய்’ என்று அதன் கோப்பில் ஒரு வரியைச் சேர்ப்பது. அது கடைசியாகச் சேர்க்க வேண்டிய வரி என்பது என் உறுதியான கருத்து. ஏன் செத்தது என்பதை மேற்பார்வை நிரல் ஏற்கெனவே குறித்துவைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் எழுப்பிக்கொண்டே இருந்தால், முதல் சாவின் தடயம் ஆயிரம் சாவுகளின் லாகுக்கு அடியில் போய்விடும்.

நிரல் செத்தது எப்படித் தெரியவருகிறது? லினக்ஸில் ஒரு ப்ராசஸ் இன்னொன்றைத் தொடங்கும்போது முதலில் தன்னையே நகலெடுக்கும். பிறகு அந்த நகல் தன் இடத்தில் புதிய நிரலை ஏற்றிக்கொள்ளும். அசல் தாய், நகல் சேய். சேய் செத்ததும் கெர்னல் அதன் மெமரியையும் திறந்திருந்த கோப்புகளையும் உடனே பறித்துக்கொள்கிறது. ஆனால் ப்ராசஸ் பட்டியலில் ஒரு சின்ன இடத்தை மட்டும் காலி செய்யாமல் வைத்திருக்கிறது. ஸாம்பி என்று சொல்வது இதைத்தான். தாய் வந்து ‘எப்படிச் செத்தது’ என்று கேட்டு வாங்கிக்கொள்ளும்வரை அந்த இடம் அப்படியே இருக்கும். தாய்க்குக் கிடைக்கும் பதில் ஓர் எண். அதில் ஒரு பகுதி, நிரல் தானாக முடித்துக்கொண்டபோது விட்டுச்சென்ற குறி: 0 முதல் 255வரை ஏதேனும் ஒன்று, 0 என்றால் நல்லபடியாக முடிந்தது. இன்னொரு பகுதி, வெளியிலிருந்து சிக்னல் வந்து கொன்றிருந்தால் அந்தச் சிக்னலின் எண். தானாக முடித்துக்கொண்டதா, கொல்லப்பட்டதா என்ற இந்த வேறுபாட்டைக் கெர்னல் கவனமாகப் பிரித்துத் தருகிறது. பழுது தேடும் வேலை இங்கேதான் தொடங்க வேண்டும்.

சிஸ்டம்-சிடிஎல் ஸ்டேட்டஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்த எண் கண்முன் வந்துவிடும். அதில் 200இலிருந்து தொடங்கும் எண்களைத் தனியாகக் கவனியுங்கள். 200 என்றால் சொன்ன ஃபோல்டருக்குள் நுழைய முடியவில்லை. 203 என்றால் நிரலை ஏற்றவே முடியவில்லை. 217 என்றால் சொன்ன பெயரில் பயனர் இல்லை. இவை சிஸ்டம்டியே வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் நிரலின் முதல் வரிகூட ஓடுவதற்கு முன்னால் நடந்த விபத்துகளை இவை சொல்கின்றன. இந்த எண் தெரியாமல் பைத்தான் கோடுக்குள் இரவு முழுக்கப் பிழை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோடு ஓடவே இல்லை என்று அந்த மூன்று இலக்கம் அவர்களுக்கு முன்பே சொல்லியிருக்கும்.

203இல் ஒன்றை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். லாகில் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று வருகிறது. போய்ப் பார்த்தால் கோப்பு இருக்கிறது. பெயரில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. இயக்கும் அனுமதியும் இருக்கிறது. உண்மையில் கெர்னல் தேடியது அந்தக் கோப்பை இல்லை. ஸ்கிரிப்டின் முதல் வரி, தன்னைப் படித்து இயக்க வேண்டிய நிரல் எது என்று சொல்கிறது. விண்டோஸில் திருத்திய கோப்பாக இருந்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும், வரியை முடிக்கும் குறிக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குறியும் உட்கார்ந்திருக்கும். கெர்னல் அதையும் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. ‘பாஷ்’ என்ற நிரலைத் தேடாமல், கடைசியில் அந்தக் குறி ஒட்டிய ‘பாஷ்’ ஒன்றைத் தேடுகிறது. அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. ‘கேட்’ கட்டளையைப் பெரிய ஏ சேர்த்துக் கொடுத்தால் ஒளிந்திருக்கும் குறி வரிமுடிவில் வெளியே தெரியும். நீக்கிவிட்டால் அதே கோப்பு ஓடும். இதில் கெர்னல் சொன்னது முழுக்க உண்மை. எந்தக் கோப்பு என்பதைத்தான் நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம்.

சிக்னல் எண்களும் இப்படியே பேசும். முதல் ராஸ்பெர்ரி பையிலும் பழைய பை ஜீரோவிலும் இருப்பது ஆர்ம் வகையின் ஆறாம் பதிப்புச் சிப். அதற்கடுத்த ஏழாம் பதிப்புக்காகத் தயாரித்த நிரலை இணையத்திலிருந்து இறக்கிப் போட்டால், புரியாத ஆணை ஒன்றைச் சந்தித்த இடத்தில் 4 என்ற சிக்னலோடு சாகும். 11 என்றால் தனக்கு உரிமையில்லாத மெமரியைத் தொட்டது. 9 என்றால் யாரோ இரக்கமில்லாமல் கொன்றார்கள்; யார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எண் சாதாரணமாக 1 என்று வந்தால் நிரல் ஓடத் தொடங்கி, தன் சொந்தப் பிழையால் முடிந்திருக்கிறது. இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “கையால் ஓட்டினால் ஓடுகிறதே!” உண்மைதான். ஆனால் கையால் ஓட்டும்போது டெர்மினல் நமக்குப் பல சலுகைகளைச் சொல்லாமல் தருகிறது. நிரல்களைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியல், நம் வீட்டு ஃபோல்டர், முன்பே உயிர்ப்பித்துவைத்த பைத்தான் சூழல், மொழி அமைப்பு, சென்சாரைத் தொடும் உரிமை எல்லாம் லாகின் செய்த அந்தக் கணத்தில் வந்து சேர்ந்தவை. சர்வீஸாக ஓடும்போது இவற்றில் பெரும்பாலானவை இருக்காது. சொல்லாவிட்டால் அது நிற்கும் ஃபோல்டர் கோப்பு அமைப்பின் வேரே. ‘செட்டிங்ஸ் கோப்பைத் திற’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் அந்த வேரில்தான் தேடும். ஐ-ஸ்கொயர்-சி வழியாகப் பேசும் சென்சாரைத் தொட உங்கள் பெயர் ஒரு குழுவில் இருக்க வேண்டும். சர்வீஸுக்குக் கொடுத்த தனிப் பெயர் அந்தக் குழுவில் இல்லாமல் இருக்கலாம். இன்னொன்று: சர்வீஸ் கோப்பில் எழுதும் கட்டளை ஷெல் வழியாகப் போவதில்லை. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் அம்புக்குறியை அங்கே போட்டால், அது வெறும் ஒரு சொல்லாக நிரலின் கையில் போய்ச் சேரும்.

ஆகவே ‘கையால் ஓட்டிப் பார்த்தேன்’ என்பது நியாயமான சோதனையாக இருக்க வேண்டுமானால், டெர்மினலின் சலுகைகளைக் கழற்றிவிட்டு, சர்வீஸின் பெயரிலேயே, காலியான சூழலில் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டியதுமே பாதிப் பிழைகள் மறைவிடத்தை விட்டு வெளியே வந்துவிடும்.

லாகே வரவில்லை என்ற புகாரும் இதோடு சேர்ந்தது. டெர்மினலில் பைத்தான் ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் காட்டும். எதிரே டெர்மினல் இல்லையென்றால் சில ஆயிரம் பைட் சேரும்வரை கையிலேயே வைத்திருந்து மொத்தமாகத் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு சின்ன வரி எழுதும் நிரல் என்றால் முதல் வரி லாகில் தெரிய மணிக்கணக்காகலாம். அதற்குள் 9ஆம் சிக்னல் வந்து கொன்றால் சேர்த்துவைத்த வரிகளும் கூடவே போயின. பைத்தானுக்கு ‘சேர்த்துவைக்காதே’ என்று சொல்ல ஒரு சூழல் மாறி இருக்கிறது. மேற்பார்வைக்கு ஒப்படைக்கும் எந்தப் பைத்தான் நிரலுக்கும் அதை நான் கேள்வியில்லாமல் வைத்துவிடுவேன்.

இனி ரீஸ்டார்ட். எழுப்பிய உடனே மறுபடி சாகும் நிரலை எத்தனை முறை எழுப்புவது என்ற கேள்வி சிஸ்டம்டியைவிட வயதானது. பழைய சிஸ்-வி இனிட், 2 நிமிடத்துக்குள் 10 முறைக்கு மேல் ஒரு நிரலை எழுப்ப நேர்ந்தால், எழுதிய கட்டளையிலேயே பிழை என்று முடிவுகட்டி 5 நிமிடம் ஒதுங்கிக்கொள்ளும். டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய டீமன்டூல்ஸ், உடனே சாகும் நிரலை ஒரு விநாடி இடைவெளியில் சலிக்காமல் எழுப்பிக்கொண்டே இருக்கும். பைத்தானில் எழுதப்பட்ட சூப்பர்வைசர், ஒரு விநாடிகூட நிற்காத நிரலை மூன்று முறை மறுபடி முயன்றுவிட்டு ‘இனி முடியாது’ என்று அறிவிக்கும். சிஸ்டம்டியின் இயல்பான கணக்கு: 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கலாம், ஆறாவதை மறுத்து, ‘தொடங்கச் சொல்லும் கோரிக்கை மிக வேகமாகத் திரும்பத் திரும்ப வருகிறது’ என்று எழுதிவிட்டு நின்றுவிடும். ஒரு சாவுக்கும் அடுத்த தொடக்கத்துக்கும் நடுவே அது காத்திருப்பது விநாடியில் பத்தில் ஒரு பங்கு.

அந்த வாக்கியத்தையே நோயின் பெயராக எடுத்துக்கொண்டு மருந்து தேடுகிறவர்கள் ஏராளம். வரம்பு எட்டப்பட்டது என்பது மட்டுமே அதில் இருக்கும் செய்தி. காரணம் அதற்கு மேலே, முதல் சாவின் பக்கத்தில் இருக்கிறது. லாகை மேல்நோக்கி உருட்டினால் கிடைக்கும்.

சின்னக் கணினியில் இந்தக் கணக்கு வேறு மாதிரி நடந்துகொள்வதையும் கவனிக்க வேண்டும். ஒரு மடிக்கணினியில் பைத்தான் தன் நூலகங்களை ஏற்றி, பிழையைச் சந்தித்துச் சாக அரை விநாடிகூட ஆகாது. 10 விநாடிக்குள் ஐந்து முயற்சியும் தீர்ந்து சர்வீஸ் நின்றுவிடும். தோல்வி பளிச்சென்று தெரியும். அதே நிரலுக்குப் பை ஜீரோவில் நூலகங்களை ஏற்றவே மூன்று நான்கு விநாடி ஆகலாம். ஒரு தொடக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2 விநாடியைத் தாண்டினாலே போதும், 10 விநாடிக்குள் ஆறாவது தொடக்கம் வராது. வரம்பு எட்டப்படுவதே இல்லை. நிரல் ஏறும், சாகும், ஏறும், சாகும். நாள் முழுக்க, வாரம் முழுக்க. ஸ்டேட்டஸ் பார்த்தால் நீங்கள் எந்தக் கணத்தில் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்து ‘ஓடுகிறது’ என்றே காட்டக்கூடும். சிப் சூடாகும், எஸ்டி கார்டில் லாக் குவியும். காத்திருக்கும் நேரத்தை யாராவது நல்லெண்ணத்தோடு மூன்று விநாடி என்று மாற்றினாலும் விளைவு இதுதான். இதைக் கண்டுபிடிக்கச் சிஸ்டம்டி ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது: இதுவரை தானாக எத்தனை முறை எழுப்பினேன் என்று. சிஸ்டம்-சிடிஎல் ஷோ கட்டளையில் அது வரும். பச்சை நிறத்தில் ‘ஓடுகிறது’ என்று தெரியும் சர்வீஸின் அந்த எண்ணிக்கை நாலாயிரம் என்று இருந்தால், பச்சை நிறத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை.

தன்னைத்தானே பின்னணிக்குத் தள்ளிக்கொள்ளும் பழங்கால நிரல்களிலும் ஒரு சிக்கல் உண்டு. அவை தொடங்கியதும் தங்களை நகலெடுத்துவிட்டு, அசலை முடித்துக்கொள்ளும். மேற்பார்வை நிரலோ அசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அது முடிந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணி, மிச்சமிருக்கும் நகலையும் சிஸ்டம்டி துடைத்துவிடும். இத்தகைய நிரல்களுக்குப் பெரும்பாலும் ‘முன்னணியிலேயே ஓடு’ என்று ஒரு விருப்பம் இருக்கும். அதைக் கொடுத்தால் தீர்ந்தது.

பூட் ஆகும்போது மட்டும் விழும் சர்வீஸ் தனி வகை. பை எழுந்ததும் சர்வீஸ் சாகிறது. நாம் உள்ளே போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் சொன்னபடி கேட்கிறது. காரணம் பெரும்பாலும் நெட்வொர்க். ‘நெட்வொர்க்குக்குப் பிறகு தொடங்கு’ என்று எழுதியிருப்போம். ஆனால் சிஸ்டம்டியின் கணக்கில் நெட்வொர்க் என்ற அந்த இலக்கு, அதற்கான ஏற்பாடுகள் தொடங்கியதை மட்டுமே குறிக்கும். வைஃபை இன்னும் ரூட்டரைத் தேடிக்கொண்டிருக்கலாம். இணைப்பு கிடைத்த பிறகு என்பதற்கு வேறு இலக்கு இருக்கிறது. அதற்குப் ‘பிறகு’ என்று மட்டும் எழுதினாலும் போதாது, அது ‘வேண்டும்’ என்றும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் யாருமே கேட்காத இலக்குக்குப் பின்னால் வரிசையில் நிற்பதாக ஆகும். என்னைக் கேட்டால், இதைவிட நல்ல வழி நிரலே இணைப்பு இல்லாததைத் தாங்கிக்கொள்வது. பூட் ஆகும்போது கிடைத்த வைஃபை மதியம் போகாது என்று யார் சொன்னது?

இன்னொரு காரணம் கடிகாரம். பை 5க்கு முந்தைய ராஸ்பெர்ரி பைகளில் மின்சாரம் இல்லாதபோது நேரத்தைப் பிடித்துவைக்கும் கடிகாரச் சிப் கிடையாது. 2023இல் வந்த பை 5இல் சிப் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். பழைய பைகள் கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு எழுந்ததும் அதையே நேரம் என்று நம்பும். இணையம் கிடைத்ததும் உண்மை நேரத்துக்குத் தாவும். இரவெல்லாம் மின்சாரம் இல்லாமல் கிடந்த பையின் காலை லாகில் முதல் சில வரிகள் நேற்றிரவு நேரத்தைக் காட்டுவது இதனால்தான். அந்த இடைவெளியில், புதிதாகப் புதுப்பித்த சான்றிதழ் ஒன்றைச் சர்வர் காட்டினால், ‘இது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை’ என்று நிரல் இணைப்பை மறுத்துச் சாகலாம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

இனி அந்த 9. பை ஜீரோ 2-டபிள்யூவில் மொத்த மெமரியே 512 எம்பி. நிரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டு மெமரி தீர்ந்ததும், மொத்தக் கணினியும் நின்றுவிடாமலிருக்க கெர்னல் ஒரு ப்ராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொல்கிறது. செத்த நிரலின் லாகில் ஒரு புலம்பலும் இருக்காது. பேச அதற்கு நேரம் தரப்படவில்லை. கெர்னலின் லாகில் மட்டும் ‘மெமரி தீர்ந்தது, இன்ன ப்ராசஸைக் கொன்றேன்’ என்று ஒரு வரி இருக்கும். ஆகவே 9ஐக் கண்டால் சர்வீஸின் லாகை மூடிவிட்டுக் கெர்னலின் லாகைத் திறக்க வேண்டும்.

அங்கேயே, மேற்பார்வை நிரலின் பார்வைக்கு எட்டாத இன்னொரு செய்தியும் கிடைக்கலாம். மெலிந்த கேபிள், தரமில்லாத சார்ஜர் காரணமாக மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை அதைக் குறித்துக்கொள்கிறது. அதன் நிலையைக் கேட்டால் 0x50000 என்று வருவது, ‘இப்போது சரியாக இருக்கிறேன், ஆனால் பூட் ஆனதிலிருந்து மின்னழுத்தம் குறைந்ததும் உண்டு, வேகம் குறைக்கப்பட்டதும் உண்டு’ என்பதற்கான குறி. இந்த நிலையில் யூஎஸ்பி கருவிகள் அறுந்து அறுந்து வரும், எஸ்டி கார்டில் எழுத்து சிதையும், சிதைந்த கோப்பு அமைப்பைக் கெர்னல் படிக்க மட்டும் என்று பூட்டிவிடலாம். அப்போது லாக் எழுத முடியாமல் நிரல் சாகும். சர்வீஸ் கோப்பை எத்தனை விதமாகத் திருத்தினாலும் இது தீராது. கேபிளை மாற்ற வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சாவுகள். சாகாமல் உறைந்து நிற்கும் நிரலை மேற்பார்வை நிரலால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. சென்சாரின் பதிலுக்காகக் காத்தபடி நின்றுபோன ப்ராசஸ் உயிரோடுதான் இருக்கிறது. கெர்னலிடமிருந்து எந்த எண்ணும் வராது. இதற்கு வாட்ச்டாக் வேண்டும். ‘30 விநாடிக்குள் ஒருமுறை குரல் கொடு, கொடுக்காவிட்டால் கொல்வேன்’ என்று சிஸ்டம்டியோடு ஓர் ஒப்பந்தம். இதில் குரல் கொடுக்கும் இடம் முக்கியம். வேலை செய்யும் அதே சுழற்சியில், அளவு கையில் கிடைத்த பிறகு கொடுக்க வேண்டும். வசதிக்காகத் தனி இழையில் வைத்துவிட்டால், சென்சார் சுழற்சி நின்றுபோன பின்னும் அந்த இழை நலமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சிஸ்டம்டியே உறைந்துவிட்டால் பார்க்க, பையின் சிப்பிலேயே ஒரு வன்பொருள் வாட்ச்டாக் இருக்கிறது. சுமார் 15 விநாடி குரல் கேட்காவிட்டால் மொத்தக் கணினியையும் மறுபடி பூட் செய்யும்.

எழுப்புவதும் காரணம் தேடுவதும் வேறு வேறு வேலை என்பதற்கு 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் நல்ல சாட்சி. இறங்கிச் சில நாளில் அதன் கணினி அடிக்கடி தானாக ரீசெட் ஆனது. உயர் முன்னுரிமை கொண்ட வேலை ஒன்று, தாழ்ந்த வேலை கையில் வைத்திருந்த பூட்டுக்காகக் காத்திருந்தது. நடுத்தர வேலைகள் குறுக்கே புகுந்து அந்தத் தாழ்ந்த வேலையை ஓட விடவில்லை. குறித்த நேரத்தில் வேலை முடியாததைக் கண்டு கண்காணிப்பு ஏற்பாடு ரீசெட் செய்தது. ரீசெட் கலத்தைக் காப்பாற்றியது. ஆனால் காரணத்தைக் கண்டது, பூமியில் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் அதே கணினியின் நகலை, ஒவ்வோர் அசைவையும் பதிவுசெய்யவைத்து, அதே ரீசெட் வரும்வரை ஓட்டிய பொறியாளர்கள். ஒரு பூட்டின் அமைப்பை மாற்றி அனுப்பியதும் சரியானது. அந்தக் கோளாறு ஏவுவதற்கு முன்பே சோதனையில் தலைகாட்டியிருந்தது. அப்போது யாரும் அதைத் துரத்திப் பிடிக்கவில்லை.

பதிவு இருந்தால்தான் துரத்த முடியும். சிஸ்டம்டி லாகைச் சேர்த்துவைக்கும் ஜர்னல் பல அமைப்புகளில் மெமரியில் மட்டுமே இருக்கும். பூட் செய்ததும் அழிந்துவிடும். எஸ்டி கார்டின் ஆயுளுக்கு இது நல்லது, பழுது தேடுகிறவருக்குப் பேரிழப்பு. வாட்ச்டாக் இரவில் கணினியையே எழுப்பியிருந்தால், அதற்கான காரணமும் அந்த இரவோடு போய்விடும். கோளாறு பிடிபடும்வரையாவது ஜர்னலைக் கார்டில் எழுதவிட்டு, அளவுக்கு ஒரு வரம்பும் வையுங்கள். அப்புறம் ஜர்னல்-சிடிஎல் கட்டளையில் முந்தைய பூட் என்று கேட்டால், போன உயிரின் கடைசி வரிகள் வந்து நிற்கும்.

எல்லாம் திருத்தியாயிற்று என்று தோன்றும்போது, ‘எப்போதும் ரீஸ்டார்ட் செய்’ என்ற வரியைச் சேர்த்துவிட்டு, நிரலை நாமே 9ஆம் சிக்னலால் கொன்று பார்க்க வேண்டும்: எத்தனை விநாடியில் எழுகிறது, பழைய பூட்டுக் கோப்பு ஏதாவது வழிமறிக்கிறதா என்று தெரியும். பிறகு ரூட்டரை அணைத்துவிட்டுப் பையை பூட் செய்து, கால் மணி கழித்து ரூட்டரைப் போட வேண்டும். நெட்வொர்க், கடிகாரம் இரண்டும் அதில் சோதனையாகிவிடும். எழுப்பிய எண்ணிக்கையை அன்று குறித்துவைத்து ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். நடுவில் கணினி பூட் ஆகாமலும் அந்த எண் மாறாமலும் இருந்தால், அந்த வரி தாராளமாக அங்கேயே இருக்கலாம்.